பூக்கா நிலையும் நிலைபெற்ற மக்களும்
பொகவந்தலாவைத் தேயிலைப் பராமரிப்பின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய மூன்றையுமே தமது ஆய்வின் மையமாகக் கொண்டுள்ளனர். அது நியாயமானதே. ஆயின், அம்மக்களின் உழைப்பு எப்பொருளின்மீது நாள்தோறும் செலுத்தப்பட்டதோ, அப்பொருளாகிய தேயிலைச் செடி வரலாற்று ஆய்வுக்குரிய ஒன்றாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. அது தாவரவியலாருக்கும் துரைமாருக்கும் உரிய விடயமென ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. உழைப்பை உழைப்புப் பொருளிலிருந்து பிரித்து நோக்கும் இப்போக்குக் குறைபாடுடையது என்பதே நமது கருத்து. ஒரு செடியை எவ்வாறு நட்டனர், எவ்வாறு வெட்டினர், எதனை வளரவிட்டனர், எதனை வளரவிடாது தடுத்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காணுமிடத்து, அச்செடியைப் பேணிய மக்கள் ஏன் அவ்விடத்தில் நிலைகொண்டனர் என்பதற்கும் விடை கிடைக்கும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கை முன்வைத்து இதனை நோக்குவோம்.

1

தேயிலை இயல்பில் ஒரு மரம். அசாம் வகைத் தேயிலை வெட்டப்படாது விடப்படின் முப்பது அடிக்கு மேலும் உயரும். சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் ஏணி வைத்தோ மரமேறியோ இலை பறிக்கும் பழந்தேயிலை மரங்கள் இன்றும் உள்ளன. ஆண்டு முழுவதும் இலையுதிராத இம்மரம் வெண்ணிற இதழ்களும் மஞ்சள் மகரந்தத் தாள்களும் கொண்ட, மெல்லிய மணமுடைய பூக்களைப் பூக்கும். காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும். மேலைநாட்டுப் பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கப்படும் கமெலியாவும் தேயிலையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் புளிப்புத்தன்மை கொண்ட மண் வேண்டும். வேரில் நீர் தேங்குதல் ஆகாது. மழையும் மென்மையான வெயிலும் வேண்டும். எனினும் ஒன்றனைப் பூவுக்காகப் பேணுகின்றனர். மற்றதனைப் பூக்காதிருக்கும்படி பேணுகின்றனர். தளிரின் நுனி இடையறாது கிள்ளப்படுவதாலும், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகள் வெட்டப்படுவதாலும், செடியின் வலு முழுவதும் புதிய இலையை ஆக்குவதிலேயே செலவாகிறது. மரமாக வேண்டியது இடுப்பளவுச் செடியாக நிற்கிறது. நாம் மலைச்சரிவுகளிற் காணும் பச்சைக் கம்பளம் இயற்கையின் கோலமன்று. நூற்றைம்பது ஆண்டுக்கால மனித உழைப்பின் விளைபொருளாகும்.

2

பொகவந்தலாவை, கெஹெல்கமு ஓயாவின் மேற்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்காகும். டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய அயற்பகுதிகளைப் போன்று இதுவும் முதலிற் கோப்பிக்காகவே காடழிக்கப்பட்டது. இங்குள்ள சென். மேரி தேவாலய வளவில் இரு கல்லறைகள் உள்ளன. ஒன்று, 1879 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிற் காலமான புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரனுடையது. மற்றது, அடுத்த ஆண்டில் இறந்த அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமெரனுடையது. உல்லாசப் பயணிகள் முன்னவருக்காகவே அங்குச் செல்வர். சமூக வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியவர் பின்னவரே. 1830களின் தொடக்கத்தில் அறிக்கை சமர்ப்பித்த கோல்புறூக் – கமெரன் ஆணைக்குழுவின் ஓர் உறுப்பினர் அவர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டமையும், நிலமும் உழைப்பும் சந்தைக்குரிய பண்டங்களாக மாறியமையும் அவ்வறிக்கையோடு தொடர்புடையன. பெருந்தோட்ட முதலாளித்துவத்துக்குச் சட்ட அத்திவாரமிட்டோருள் ஒருவர் பின்னர் தாமே கோப்பித் தோட்ட உடைமையாளராகி, அத்தோட்டங்கள் நோயால் நலிவுற்ற காலத்தில் இப்பள்ளத்தாக்கிலேயே அடங்கியமை குறிப்பிடத்தக்கது.

கோப்பியும் இலையுதிராச் செடியே, வெண்பூப் பூப்பதே. ஆயின் கோப்பியின் பண்டம் அதன் பழம். பூக்காத கோப்பிச் செடியால் உடைமையாளனுக்குப் பயனில்லை. பூவும் பழமும் பருவத்துக்கு உட்பட்டவை. ஆதலின் பழம் பறிக்கும் உழைப்பும் பருவத்துக்கு உட்பட்டதாயிற்று. தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின்கீழ் மன்னார் வழியாகக் கால்நடையாக வந்தோரிற் பெரும்பாலோர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பும் ஆடவர்களாக இருந்தமைக்குரிய பொருளியற் காரணம் இதுவே.

1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுள் இவ்வமைப்பைக் குலைத்தது. தேயிலை அதற்கு முன்னரே இலங்கைக்கு வந்திருந்தது. 1839 இல் அசாம் விதைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் அதனை வணிக நோக்கிற் பயிரிட்டார். ஆயினும் கோப்பியின் வீழ்ச்சியே தேயிலையைப் பெருமுதலுக்குரிய பயிராக்கியது. 1884 இல் புகையிரதப் பாதை ஹற்றனை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இலங்கையின் தேயிலைப் பரப்பு மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. பொகவந்தலாவையின் கோப்பி மலைகளும் தேயிலை மலைகளாயின.

3

இம்மாற்றத்தை ஒரு பயிரின் இடத்தை இன்னொரு பயிர் பிடித்த நிகழ்ச்சியாக மாத்திரம் காண்பது போதாது. பழப்பயிரின் இடத்தை இலைப்பயிர் பெற்றது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. சீனத்திலும் சப்பானிலும் அசாமிலும் குளிர்காலம் வந்ததும் தேயிலைச் செடி உறங்கும், கொழுந்து கொடாது. நிலநடுக்கோட்டை அண்டிய இலங்கையில் அவ்வுறக்கம் இல்லை. மழைக்கும் வரட்சிக்கும் ஏற்பக் கொழுந்து கூடலாம், குறையலாம், முற்றாக நிற்பதில்லை. எனவே ஏறத்தாழ ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு மலைக்கும் கொழுந்து பறிக்கத் திரும்பிச் செல்லவேண்டும். சில நாள் பிந்தினும் தளிர் முற்றிக் கரடாகிவிடும். பருவத் தொழிலாளரைக் கொண்டு இதனைச் செய்தல் இயலாது. ஆண்டு முழுவதும், நாள்தோறும், மலையடியிலேயே வாழும் ஒரு தொழிலாளர் தொகுதி தேவைப்பட்டது. அதுவும் தனி ஆடவராக அன்றி, பெண்களையும் வளர்ந்துவரும் பிள்ளைகளையும் கொண்ட குடும்பங்களாகத் தேவைப்பட்டது. லயம் என்னும் குடியிருப்பு, பிள்ளைக்காம்பரா, தோட்டப் பாடசாலை ஆகியன யாவும் இத்தேவையின் வழிவந்தனவேயன்றி எவருடைய இரக்கத்தின் வழிவந்தனவுமல்ல. செடியின் பசுமை மாறாமையே, முதலின் ஆட்சியின்கீழ், மக்களின் நிலைபேறாக உருமாறிற்று எனலாம்.

இனி அவ்வுழைப்பு எத்தகையது என்பதைச் சிறிது விரிவாக நோக்குவோம். பழைய தோட்டங்கள் விதையிலிருந்து உண்டானவை. நாலடிக்கு நாலடி என்னும் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,700 குழிகள் வெட்டப்பட்டன. சரிவுகளில் மண் அரிக்கப்படாதிருக்கக் குறுக்கே கான்கள் வெட்டப்பட்டன. சவுக்கு, முள்முருங்கை ஆகிய நிழல் மரங்கள் நடப்பட்டன. கன்று நிமிர்ந்து எழும் பருவத்தில் அதன் நடுத்தண்டை வெட்டிப் பக்கக் கிளைகளைப் பரவச் செய்தல் வேண்டும். செடியின் சட்டகம் இவ்வாறே அமைகிறது. அதன்பின் உயர்மலைப் பகுதிகளில் நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து நிகழும். வேரிற் சேமிக்கப்பட்ட மாப்பொருளே வெட்டுண்ட செடி மீண்டும் தளிர்ப்பதற்கு ஆதாரமாகும். அச்சேமிப்பு மிகுந்துள்ள உயர்மலைகளில் இலைகள் அனைத்தையும் நீக்கி வெட்டலாம். அது குறைந்துள்ள தாழ்நிலங்களிலோ, செடி மூச்சுவிடுவதற்கு ஓரிரு கிளைகளை விட்டுவைத்தே வெட்டுவர். கடும் வரட்சியில் வெட்டின் செடி பட்டுப்போகும்.

கவ்வாத்து ஒரு முரட்டுத் தொழில் என எண்ணுதல் தவறாகும். விதைத் தேயிலை தன் மகரந்தத்தாற் கருவுறுவது மிக அரிது. ஆதலின் ஒரு மலையில் ஒரு தூரைப் போன்று மறுதூர் இராது. ஒவ்வொரு தூரின் முன்னும் நின்று, பட்ட கிளை எது, பயன்தரும் கிளை எது, துளைப்பான் வண்டு புகுந்தது எது எனத் தொழிலாளி கணப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். வெட்டுவாய் சரிவாக அமையாவிடின் நீர் தங்கி மரம் உளுக்கும். கத்தி மழுங்கினாற் பட்டை கிழியும். வெட்டிய பின், வெயில் பட்டையைச் சுடாதவாறு, வெட்டிய வாதுகளையே தூரின்மேற் பரப்புதலும் உண்டு. மீண்டும் தளிர்த்து எழும் கொழுந்தை ஓரளவு உயரத்தில் மட்டமாகக் கிள்ளுதல் அடுத்த கட்டம். அதன்பின் கொழுந்து பறிக்கும் பெண்கள் மட்டக்கம்பைச் செடியின்மேல் வைத்து, அதனைத் தாண்டி எழுவதையே பறித்து, தாயிலையை விட்டுவைப்பர். ஒரு கிலோத் தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் சிறு அளவு, ஒரு பெண்ணின் விரல்களில் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை நிகழும் ஒரு தீர்ப்பாகும்.

கவ்வாத்து ஆடவர்க்கும் கொழுந்து பறித்தல் பெண்டிர்க்கும் என உழைப்புப் பிரிவினை அமைந்தது. ஆடவர் தமக்குரிய அளவை முடித்துக்கொண்டு நண்பகலை அண்டித் திரும்ப, பெண்கள் அந்திவரை மலையில் நிற்கும் நிலை பொதுவாயிற்று. எனினும் 1984 வரை பெண்களின் நாட்கூலி ஆடவரின் கூலியிலும் குறைவாகவே இருந்தது. எந்தக் கை செடியை நாள்தோறும் பூக்காநிலையில் வைத்துப் பண்டத்தை ஈன்றதோ, அந்தக் கைக்கே குறைந்த விலை இடப்பட்டது.

4

இவ்வறிவு எம்மொழியில் வாழ்ந்தது என்பதும் ஆராயற்பாலது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கொல்லை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. வேரின் மாப்பொருளை அயடீன் கொண்டு சோதித்தல், 1946 இல் வந்த கொப்புள நோய்க்குச் செப்பு மருந்து தெளித்தல், தேர்ந்த தாய்ச்செடிகளின் ஒற்றை இலைத் துண்டுகளிலிருந்து கன்று உண்டாக்குதல் ஆகியவற்றில் அது ஆற்றிய பணி பெரிது. அவ்வறிவு ஆங்கிலத்தில் அச்சேறித் துரைமாரின் மேசைக்குச் சென்றது. மலையில் அதனைச் செயற்படுத்தியோரின் அறிவு, அச்சேறாத தமிழில், தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் சென்றது. கவ்வாத்து, கான்வெட்டு, முள்ளுக்குத்து, மட்டக்கம்பு என்னும் சொற்கள் அவ்வறிவின் எச்சங்கள்.

இச்சொற்களுட் சில, உற்பத்தி உறவின் தடயங்களையும் தம்முள் கொண்டுள்ளன. தொழிலாளரை விடியற்காலையில் ஒன்றுதிரட்டி வேலை பகிர்வது பெரட்டு எனப்பட்டது. அது படையணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. கவாத்து என்னும் சொல்லும் தமிழிற் செடி வெட்டுதலையும் படைப் பயிற்சியையும் ஒருங்கே குறிப்பது. செடிக்கும் மனிதனுக்கும் இட்ட ஒழுங்கு அயலயலான சொற்களால் வழங்கப்பட்டமை, தோட்டம் என்னும் அமைப்பின் இயல்பை நன்கு புலப்படுத்துகிறது.

இலக்கிய மாணவராகிய நாம் இங்கு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். 1935 இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ முதலாகத் தேயிலைத் தோட்டம் தமிழ்ப் புனைகதையிற் பெரும்பாலும் துன்பத்தின் களமாகவே வந்துள்ளது. தோட்டத்திற் பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அக்களத்தை உள்ளிருந்து எழுதியதோடு, அம்மக்களின் நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். துன்பத்தைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது. ஆயின் துன்புறுவோன் மாத்திரமல்லன் தொழிலாளி, அறிவோனும் ஆவான். அவனது தொழிலறிவை விடுத்து அவனது துயரை மாத்திரம் காட்டும் இலக்கியம் வாசகரிடம் இரக்கத்தைத் தோற்றுவிக்கும்; உரிமை பற்றிய உணர்வைத் தோற்றுவித்தல் அரிது. நாட்டார் பாடல்களில் தொழிற்சொற்கள் செறிந்து வருதல் இவ்வகையில் முக்கியத்துவம் பெறுகிறது.

5

செடி கோரிய நிலைபேற்றை அரசு ஏற்க மறுத்தது என்பதே இவ்வரலாற்றின் மைய முரண்பாடு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய – பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயிற் பத்து ஆண்டும் தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று கோரியது. கிழமைக்கொரு முறை தவறாது பறிக்கப்பட்ட மலையே அவர்கள் தொடர்ந்து வதிந்தமைக்குக் கண்கண்ட சான்று. ஆளில்லாத மலை சில திங்களிற் கரடாகி, சில ஆண்டுகளிற் காடாகியிருக்கும். ஆயினும் சட்டம் செடியைச் சான்றாகக் கொள்ளவில்லை, தாளையே கேட்டது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோரின் குடியுரிமைப் பிரச்சினை 1988 இனதும் 2003 இனதும் சட்டங்களினாலேயே தீர்வு கண்டது.

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணத்தைத் தவிர்த்தல் வேண்டும். தேயிலையின் இயல்பே இச்சமூக உறவுகளைத் தோற்றுவித்தது எனின், அது இயற்கை நிர்ணயவாதமாக முடியும். அதே செடி காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிற் சிறுநில உடைமையாளரின் வீட்டு வளவுகளை அண்டி வளர்கிறது. இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி அவர்களிடமிருந்தே வருகிறது. அங்கும் கொழுந்து கிழமைதோறும் பறிக்கப்படுகிறது. அங்கும் செடி பூக்காதவாறு பேணப்படுகிறது. ஆயின் லயம் இல்லை, பெரட்டு இல்லை. செடி கோருவது இடையறாத பராமரிப்பையே. அப்பராமரிப்பை நிலமற்ற உழைப்பாக்கியது செடியன்று, நிலத்தின்மீதான தனியுரிமையே.

6

1972 இன் நிலச்சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தொழிலாளர் நிலமற்றோராகவே தொடர்ந்தனர். 1992 முதல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை முறை வகுக்கப்பட்டது. தேயிலைச் செடியின் ஆயுளோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. மலையகத்தில் நூறாண்டு கடந்த விதைத் தேயிலைத் தூர்கள் இன்றும் கொழுந்து தருகின்றன. பழந்தேயிலையைப் பிடுங்கி, குவாத்தமாலாப் புல் நட்டு மண்ணுக்கு ஈராண்டு அளவில் ஓய்வு தந்து, புதுக் கன்று நட்டுப் பயன் காண்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். குத்தகைக்கால இலாபத்தின் கணக்கும் செடியின் கணக்கும் இசைந்துபோவதில்லை. குத்தகையின் இறுதி நெருங்குந்தோறும், பறிப்பது தொடரும், பேணுவது தேயும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டமை இதற்குக் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டு. அதே ஆண்டு நவம்பரில் அது தளர்த்தப்பட்டதாயினும், 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடி ஆண்டாகிய 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்த நாளிற் கிலோக் கணக்கில் மதிப்பிடப்படும் உழைப்பின் கூலியும் குறைந்தது. செடியின் பசியை முதலில் உணர்ந்தவர்கள் அதனைப் பறித்தவர்களே.

மலையகத்தின் பல இடங்களிற் கவ்வாத்தின்றிக் கைவிடப்பட்ட மலைகளை இன்று காணலாம். அங்கே தேயிலை மீண்டும் மரமாகி, வெண்பூப் பூத்து, காய்த்து நிற்கிறது. அயலார் கண்ணுக்கு அது இயற்கையின் மீட்சி எனத் தோன்றலாம். தொழிலாளியின் கண்ணுக்கோ அது பேர் விழாத நாள், வேலையிழப்பு, இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பெயர்ந்த வெறுமை. பராமரிப்பற்ற செடியின் மலர்ச்சி, பராமரித்தோரின் விடுதலையோடு ஒன்றாகாது.

ஆகவே நிலவுரிமை பற்றிய வினாவைக் கருணையின் அடிப்படையிலன்றி இவ்வரலாற்றின் அடிப்படையில் எழுப்புதலே முறையாகும். உடைமையாளர் பலமுறை மாறினர்: தனித் துரைமார், இலண்டன் கம்பனிகள், அரசு, மீண்டும் கம்பனிகள். ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் மாறாது மலையில் நின்றவர்கள், தூரை அறிந்த தொழிலாளரே. பறிப்பதற்கு மாத்திரம் செடிகளைப் பங்கிட்டுக் கொடுத்து, நிலத்தையும் விலையையும் நிருவாகமே வைத்துக்கொள்ளும் இன்றைய முறைகள் இக்கோரிக்கைக்கு விடையாகா. அவை பராமரிப்பின் சுமையைக் குடும்பத்துக்கு மாற்றி, அதன் பயனை மாற்றாது விடுகின்றன. செடியை இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் கொழுந்து தரும்படி வெட்டுபவன், அந்த முப்பது ஆண்டிலும் உரித்துடையவனாக இருத்தல் வேண்டும். பொகவந்தலாவையின் பசுமையை ஆக்கியோர் யாவர் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு தூரின் வெட்டுத் தழும்பும் விடை கூறுகிறது. அவ்விடையைச் சட்டமும் நில உறுதியும் ஏற்கச்செய்வதே எஞ்சியுள்ள பணி.